கொஞ்சம் பச்சை இருக்கட்டும்

அத்தியாயம் 12

கான்ஸ்டன்ஸ் அத்தையைத் திட்டி எழுதிய வாசகர்களே, உங்கள் கோபம் நியாயம்தான். "பிள்ளை பெத்தவளுக்குத்தான் வலி தெரியும்" என்று யூஜினியா அந்த அம்மாள் முகத்துக்கு நேரே சொன்னது அநியாயம் என்று எழுதியவர்களே, உங்கள் கோபமும் நியாயம்தான். யார் பக்கம் நிற்பது என்று எனக்கே தெரியவில்லை. இருவரையும் ஒரே லோரியில் ஏற்றக்கூட முடியாதபடி வீட்டில் அவ்வளவு உஷ்ணம்.

சண்டை முரியலைப் பற்றி. ஒன்பது வயது முரியலுக்குச் சீனி நோய். கிழவர்களுக்கு வருகிற நோய் இந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படி வந்தது என்று ஆத்தோரத் தோட்டம் முழுக்க வாயைப் பிளந்தது. போன வருஷம் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து, குச்சியாய் இளைத்து, கடைசியில் நினைவு தப்பிய பிள்ளையைத் தகப்பன் கொர்னேலியஸ் ரப்பர் பால் ஏற்றுகிற லோரியிலேயே கோலாலம்பூருக்குக் கொண்டு போனான். மாதக்கணக்கில் வார்டில் கிடந்தாள்.

அங்கேதான் டாக்டர் கங்கா வந்தார். சீனி நோய் வந்த பிள்ளைகள் ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை, தாய்க்குச் சொல்லிக் கொடுத்தால் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலேயே வைத்து வளர்க்கலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். லயத்தில் ஊசியா, கரண்டி பிடிக்கிற கை ஊசி பிடிக்குமா என்றார்கள். கடைசியில் அரை மனதாகச் சம்மதித்து ஒரு நிபந்தனை போட்டார்கள். வீட்டுக்குப் போன பிள்ளை ஒரு தடவை மயங்கி விழுந்தால் போதும், மறுபடியும் வார்டுதான்.

இந்த ஒரு நிபந்தனைதான் யூஜினியாவைத் தூங்கவிடவில்லை. வார்டின் பச்சைக் கதவுக்கு அந்தப் பக்கம் முரியல் "அம்மா, என்னையும் கூட்டிட்டுப் போ" என்று கத்தியதை அவள் மறக்கவில்லை. மறக்கவும் முடியாது.

அதனால்தான் புது நன்மை விஷயத்தில் அவள் பிடிவாதமாக இருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் இந்த ஞாயிறு பூசையில் முதன்முதலாக நன்மை, சாமியார் நாவில் வைக்கிற அந்த அப்பம், வாங்குகிறார்கள். வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. ஊசி போட்ட பிள்ளை சாப்பிடாமல் இருக்கலாமா? "இந்த வருஷம் வேணாம்" என்றாள் யூஜினியா. "ஊசிய நம்புற அளவுக்கு ஆண்டவர நம்பலியே நீ" என்றாள் கான்ஸ்டன்ஸ், கொர்னேலியஸின் அக்கா, பிள்ளையில்லாதவள், அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் செபம் சொல்லிக் கொடுப்பவள். அதற்கு யூஜினியா சொன்ன பதிலைத்தான் மேலே எழுதினேன்.

அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. அடுத்தடுத்த வீடுதான். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஆனாலும் உப்பு வேண்டுமென்றால்கூட முரியல்தான் தூது. "அம்மாகிட்ட சொல்லு." "அத்தைகிட்ட சொல்லு." பாவம், அந்தப் பிள்ளை ஒரு வாரமாகத் தபால்காரி வேலை பார்த்தது.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

யூஜினியா அடுப்படியில் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கொடுத்த நீல மருந்தில் பிள்ளையின் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, கொதிக்கிற தண்ணீரில் குழாயை வைக்க வேண்டும். சிறுநீரில் சீனி இருந்தால் நீலம் பச்சையாகும், அப்புறம் மஞ்சளாகும், நிறைய இருந்தால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும்.

நீலமாகவே இருந்தது.

"நீலம்!" என்றாள் முரியல், எட்டிப் பார்த்து.

"நீலம்டி என் தங்கம்!" என்று யூஜினியா அவளை இழுத்து முத்தம் கொடுத்தாள். இந்த வாரம் முழுக்க நீலம்தான். இன்று மத்தியானம் டாக்டர் கங்கா தோட்டத்துக்கே வருகிறார். இதைவிட என்ன வேண்டும்? குழாயை மூடி, கழுவாமல் அப்படியே ஜன்னல் கட்டையில் நிறுத்தி வைத்தாள், டாக்டர் கண்ணால் பார்க்கட்டும் என்று.

ஈரமணல் பானைக்குள்ளிருந்து இன்சுலின் குப்பியை எடுத்தாள். கொதிக்க வைத்த ஊசியை ஆறவிட்டு, மருந்தை இழுத்து, பிள்ளையின் தொடையில் போட்டாள். முரியல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

கோதுமை ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். முரியல் வெள்ளைக் கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வெளிய உக்காந்து தின்னுறேம்மா, கவுனு அழுக்காயிடும்" என்று பின்பக்கம் போனாள்.

நன்மை வாங்காவிட்டாலும் மற்றப் பிள்ளைகளோடு வெள்ளைக் கவுன் போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அவ்வளவுக்கு யூஜினியா இறங்கி வந்திருந்தாள். கவுனைத் தைத்தது கான்ஸ்டன்ஸ். அந்த அம்மாள் பீடத்துக்குப் பூ வைக்க முதல் லோரியிலேயே போய்விட்டாள்.

காலித் தட்டு திரும்பி வந்தது. யூஜினியா அதைப் பார்த்தாள். நிம்மதியாகப் புடவையை உதறிக் கட்டினாள்.

*

முள்கம்பி வேலிக்கு நடுவே தோட்டத்துக் கேட். அவசரகாலம் வந்ததிலிருந்து லயங்கள் எல்லாம் கம்பிக்குள்ளேதான். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு ரொட்டிகூடக் கொண்டு போகக்கூடாது. பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவனின் தூக்குவாளியைக்கூடத் திறந்து மோந்து பார்ப்பார்கள்.

யூஜினியாவின் கைக்குட்டை முனையில் எப்போதும் ஒரு முடிச்சுச் சீனி இருக்கும். பிள்ளைக்குச் சீனி இறங்கி மயக்கம் வந்தால் உடனே வாயில் போடுவதற்கு. அது டாக்டர் சொன்னது. கேட்டில் நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் செல்லன் அதே தோட்டத்தில் பிறந்தவன். விஷயம் தெரிந்தவன். அந்த முடிச்சை அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவான்.

இன்று அவன் பக்கத்தில் புதிதாக ஒரு சார்ஜன் நின்றார்.

"அவிழ்க்கச் சொல்" என்று சார்ஜன் மலாயில் சொன்னார்.

"இவளுக்கு மருந்து லா இது" என்றாள் யூஜினியா. "டாக்டரம்மா சொல்லியிருக்காங்க செல்லா, உனக்குத் தெரியாதா?"

செல்லன் சார்ஜனிடம் மலாயில் ஏதோ எடுத்துச் சொன்னான். சார்ஜன் முடியாதென்று தலையை ஆட்டினார். போலீஸ் பர்மிட் இருக்கிறதா என்று கேட்டார். பர்மிட் ஏது?

"கோவிச்சுக்காதீங்கக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே செல்லன் முடிச்சை அவிழ்த்துச் சீனியைச் செம்மண்ணில் கொட்டினான். சார்ஜன் யூஜினியாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

முரியல் கீழே கிடந்த சீனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூஜினியா ஒரு நிமிஷம் தயங்கினாள். திரும்பிப் போய்விடலாமா? பிள்ளைதான் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறதே, பூசை முடிந்து உடனே வந்துவிடப் போகிறோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு லோரியில் ஏறினாள்.

வண்டி சுங்கை புரோங் வயல்களை ஒட்டிய சாலையில் போயிற்று. கொர்னேலியஸ் ஓட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தான். முரியல் பாடவில்லை.

*

தகரக் கூரை போட்ட சின்னக் கோவில். மாதத்துக்கு ஒரு தடவைதான் சாமியார் வருவார், அதுவும் போலீஸ் வண்டிக்குப் பின்னால். அதனால் கூட்டம் வாசல் வரை நெருக்கியது.

முன்வரிசையில் வெள்ளைக் கவுன்களும் வெள்ளை முக்காடுகளும். மூன்றாவது பிள்ளை முரியல். யூஜினியா பெண்கள் பக்கம் பின்னால் இடம் பிடித்து முழங்காலில் நின்றாள். பக்கவாட்டில் கான்ஸ்டன்ஸ் பிள்ளைகளுக்குக் காவல் நின்றாள். இரண்டு பேர் கண்களும் ஒரு தடவை மோதி விலகின.

சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்தின் மணி அடித்தது. கோவில் முழுக்கத் தலை குனிந்தது.

அந்த அமைதியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

யூஜினியா தலையைத் தூக்கினாள். சிரித்தது முரியல். அவளுடைய முக்காடு ஆடிக்கொண்டிருந்தது. காற்றில்லை. கவுனின் முதுகுப்பக்கம் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. மற்றப் பிள்ளைகளின் கவுன் காய்ந்துதான் இருந்தது.

வியர்வை. நடுக்கம். காரணமில்லாத சிரிப்பு. வார்டில் டாக்டர் கங்கா விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்த மூன்றும் கண்முன்னால் நின்றன.

பூசை நடுவில் யாரும் எழுந்து நடக்க மாட்டார்கள். யூஜினியா எழுந்து நடந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். பிள்ளைகள் நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதிப் பக்கம் எழுந்து வரிசையாகிக்கொண்டிருந்தார்கள். முரியலும் எழுந்து, தள்ளாடி நின்றாள். யூஜினியாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவள் ஏன் வரிசையில் நிற்கிறாள்?

கான்ஸ்டன்ஸ் குறுக்கே வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"இரு யூஜினி. ரெண்டு நிமிஷம். வாங்கிக்கட்டும்."

"பிள்ள சாப்பிட்டாளா இல்லையா அண்ணி?"

"எப்புடிச் சாப்புடுவா? நான்தான் சாமியாருக்குக் கடுதாசி போட்டு இவளுக்கும் நன்மை குடுக்க ஏற்பாடு பண்ணினேனே. பூசை முடிஞ்சதும் ஊசி போட்டுக்கலாம்னு உங்கிட்ட சொல்லச் சொன்னேனே இவகிட்ட!"

"எங்கிட்ட யாரும் சொல்லல. ஊசி போட்டேன். விடியக்காலையில போட்டேன்."

கான்ஸ்டன்ஸின் முகம் வெளுத்ததை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. நேராகப் பேசாத இரண்டு பெரியவர்கள் நடுவில் ஒரு பிள்ளையைத் தூது விட்டார்கள். சொன்னால் அம்மா தடுத்துவிடுவாள் என்று பிள்ளை சொல்லவில்லை. அவ்வளவுதான். அதற்குள் மருந்து உள்ளே போய், தின்னாத வயிற்றில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முரியலின் கால் மடங்கியது. யூஜினியா வாரித் தூக்கினாள்.

"சீனி! யார்கிட்டயாவது சீனி இருக்கா?"

யாரிடம் இருக்கும்? எல்லாரும் அதே கேட்டைத் தாண்டி வந்தவர்கள்தான்.

"நஜ்முதீன் பாய் கடை!" என்று கத்தினாள் யூஜினியா. சாலைக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நஜ்முதீனின் மகள் பரீதாவுக்கும் இதே நோய். வார்டில் இரண்டு பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். டாக்டர் கங்கா வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளில் பரீதாவும் ஒருத்தி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் கான்ஸ்டன்ஸ் ஓடியிருந்தாள். கோவிலுக்குள் பிள்ளைகள் வேகமாக நடந்தாலே காதைத் திருகுகிற கான்ஸ்டன்ஸ், புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, முக்காடு எங்கேயோ விழ, செருப்பில்லாமல் சாலையைக் கடந்து ஓடினாள். "பாய்! டின் பாலு! சீக்கிரம் பாய்!"

நஜ்முதீன் கேள்வி கேட்கவில்லை. அவருக்கு இது தெரிந்த கதை. தேநீருக்குத் திறந்து வைத்திருந்த பால் டின்னையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவரும் ஓடி வந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யூஜினியாவும் வெளியே ஓடி வர, சாலை நடுவிலேயே எல்லாரும் சந்தித்துக்கொண்டார்கள்.

"முழுங்குறாளா பாரு தங்கச்சி. முழுங்கினாத்தான் ஊத்தணும்" என்றார்.

"தெரியும் பாய்."

யூஜினியா சீனி போட்டுக் காய்ச்சிய அந்தக் கெட்டிப் பாலை விரலில் தொட்டு, பிள்ளையின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினாள். தொண்டை அசைந்தது. மறுபடி தடவினாள். மறுபடி அசைந்தது. அப்புறம் கால் கரண்டி. அப்புறம் அரைக் கரண்டி. கொர்னேலியஸ் லோரியை விட்டு இறங்கி ஓடி வந்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் தன் தொப்பியால் மகளுக்கு விசிறினான். கான்ஸ்டன்ஸ் சாலையில் முழங்காலில் விழுந்து செபம் சொன்னாள். செபம் சொல்லிக் கொடுப்பவளுக்கே வரி மறந்துபோய், முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடை வாசலில் பரீதா வந்து நின்றாள்.

"முரியல்," என்றாள், "ஏன் நீ சாப்பிடல?"

முரியல் கண்ணைத் திறந்தாள். மீசை மாதிரி ஒட்டியிருந்த பாலை நாக்கால் துழாவினாள்.

"அம்மா," என்றாள், "நன்மை முடிஞ்சிடுச்சா?"

யூஜினியா அழுதாள். அடக்கியதெல்லாம் போதும் என்று சாலை நடுவிலேயே வாய்விட்டு அழுதாள்.

*

மத்தியானத்துக்குள் முரியல் சாதாரணமாகிவிட்டாள். பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டாள். ஆனால் அடுப்படியில் குழாய் செங்கல் நிறத்தில் நின்றது. அவ்வளவு டின் பால் உள்ளே போயிருக்கிறதே, பின்னே என்ன ஆகும்?

கொர்னேலியஸ் கதவைச் சாத்தினான். யூஜினியா, கான்ஸ்டன்ஸ், அவன், மூன்று பேரும் ஒரே அறையில். இது நடந்து எத்தனை நாளாயிற்று!

"டாக்டரம்மா வர்ற நேரம்" என்றான். "ஒண்ணும் நடக்கல. புரியுதா? காலையில எடுத்த நீலக் குழாய் ஜன்னல்ல இருக்கு. அதைக் காட்டு. இந்தச் சேப்ப வெளிய கொட்டு."

யூஜினியா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ள விழுந்துச்சுன்னு தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிருவாங்க யூஜினி. அந்த வார்டுக்கு. நீயே யோசி."

யோசிக்காமலா இருந்தாள்? காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். நீலக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைக் காட்டினால் பிள்ளை வீட்டில். சிவப்பைக் காட்டினால் பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம்.

"நான் சொல்லிடுறேன் டாக்டர்கிட்ட" என்றாள் கான்ஸ்டன்ஸ், சுவரைப் பார்த்தபடி. "என்னாலதான்னு சொல்லிடுறேன். என்னை வேணா தோட்டத்த விட்டு அனுப்பட்டும்."

"உங்களை எதுக்கு அண்ணி அனுப்புறாங்க?" என்றாள் யூஜினியா. "உங்க காலு பூராக் கல்லு குத்தியிருக்கு. மருந்து போட்டீங்களா?"

கான்ஸ்டன்ஸ் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

வெளியே கார் நிற்கிற சத்தம் கேட்டது.

*

டாக்டர் கங்கா குனிந்து உள்ளே வந்தார். வெயிலில் கறுத்த முகம், கையில் எப்போதும் உள்ள தோல் பை. பெஞ்சில் உட்கார்ந்தார். "எங்கே என் முரியல்?"

கொர்னேலியஸ் மனைவியைப் பார்த்தான். யூஜினியா ஜன்னலுக்குப் போனாள். நீலக் குழாயை எடுத்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். சிவப்புக் குழாயையும் எடுத்தாள். இரண்டையும் டாக்டர் முன்னால் வைத்தாள்.

"இது காலையில. இது மத்தியானம். நடுவுல பிள்ள விழுந்துட்டா டாக்டர். எல்லாத்தையும் சொல்லிடுறேன். மறைச்சு, நாளைக்கு வேற ஒண்ணு ஆனா, நீங்க எதைப் பார்த்து மருந்து சொல்லுவீங்க?"

கொர்னேலியஸ் கண்ணை மூடிக்கொண்டான். யூஜினியா ஒன்று விடாமல் சொன்னாள். சண்டையை, தூதை, கேட்டில் கொட்டிய சீனியை, சாலையில் ஊட்டிய பாலை.

டாக்டர் கங்கா சிவப்புக் குழாயைத் தள்ளி வைத்தார். நீலக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"எனக்கு இந்தச் சிவப்பப் பார்த்துப் பயமில்ல. இந்த நீலத்தப் பார்த்தாத்தான் பயமா இருக்கு" என்றார். "நீலம்னா நீர்ல சீனி இல்லன்னு மட்டும்தான் அர்த்தம். ரத்தத்துல சீனி சரியா இருக்கா, ரொம்பக் கீழ போயிடுச்சான்னு நீலம் சொல்லாது. இந்த வாரம் பூரா நீலமா?"

"பூரா நீலம் டாக்டர்."

"அப்படி இருக்கக் கூடாதே. வளர்ற பிள்ள, நான் சொன்ன அளவு சாப்பாடு…" டாக்டர் முரியலைப் பக்கத்தில் இழுத்தார். "நீயே சொல்லு கண்ணு. இன்னைக்கு ரொட்டிய என்ன பண்ணே?"

முரியல் தரையைப் பார்த்தாள். "கோழிக்குப் போட்டுட்டேன்."

"நேத்து?"

"நேத்தும் கொஞ்சம் போட்டேன். முந்தாநாளும்."

"நேத்து நன்மைக்கு ஒண்ணும் இல்லையே. நேத்து ஏன்?"

முரியல் அம்மாவைப் பார்த்தாள். "நீலம் வரணும்ல டாக்டர். சோறு நெறைய தின்னா பச்சையாயிடும். நீலம் வந்தா நீங்க தலையத் தடவுவீங்க. அம்மா முத்தம் குடுக்கும். பச்சை வந்தா அம்மா அழும். என்னைய வார்டுல போட்டுருவாங்க."

யூஜினியாவுக்குத் தன் முத்தமே நெஞ்சில் குத்தியது. எத்தனை காலை! எத்தனை முத்தம்! ஒவ்வொன்றுக்கும் பிள்ளை பட்டினி கிடந்து விலை கொடுத்திருக்கிறது.

கான்ஸ்டன்ஸ்தான் முதலில் பேசினாள். "அதான் என் கோழிங்க ஒரு வாரமா என்னை ஏறெடுத்தும் பாக்கல" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். டாக்டர்தான். சிரித்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

"தப்பு என்னோடது" என்றார். "என்ன சாப்பிடுறீங்கன்னு எல்லாத் தாய்கிட்டயும் கேட்டேன். எந்த நாள்ல சாப்பிடாம இருப்பீங்கன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல. நீலம் நல்லதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்." முரியலின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "இனிமே கேட்டுக்க. கொஞ்சம் பச்சை இருக்கட்டும். பச்சை வந்தா நான் தலைய ரெண்டு தடவை தடவுவேன். சரியா?"

"சரி டாக்டர்."

யூஜினியாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "வார்டு…" என்றாள்.

"விழுந்ததை எழுதுவேன் யூஜினியா. மறைக்க மாட்டேன். மறைச்சா அது ஆராய்ச்சியே இல்ல. ஆனா முழுசா எழுதுவேன். வார்டுல இருந்தப்பவும் இவ ரெண்டு தடவ விழுந்திருக்கா, நர்ஸுங்க இருந்தும். இங்க ஒரு அம்மா முதுகு வேர்வையப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டா. ஒரு அத்தை ஓடியிருக்காங்க. ஒரு கடைக்காரர் முழுங்குறாளான்னு பார்த்துட்டுப் பால் குடுக்கச் சொல்லியிருக்கார். பிள்ள மத்தியானம் சாப்பாடு கேக்குது. லயத்துல முடியுமான்னு கேட்டாங்கல்ல? இதான் என் பதில். முரியல் இங்கேயேதான் இருப்பா. அதுக்கு நான் பொறுப்பு."

கொர்னேலியஸ் வெளியே போனான். லோரியின் சக்கரத்தை எதற்கோ இரண்டு உதை உதைத்தான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

கிளம்பும்போது டாக்டர் கான்ஸ்டன்ஸிடம் நின்றார். "அடுத்த பூசைக்கு இவ நன்மை வாங்கட்டும். ஊசிய வீட்டுல போட வேணாம், கோவிலுக்குக் கொண்டு வாங்க. நன்மை வாங்கின கையோட ஊசி, அடுத்த நிமிஷம் பாய் கடையில சாப்பாடு. ஊசி காத்திருக்கும், ஊசி போட்ட வயிறுதான் காத்திருக்காது."

"நானே கொண்டு வரேன் டாக்டர்" என்றாள் கான்ஸ்டன்ஸ். அப்புறம் யூஜினியாவைப் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும்" என்று திருத்திக்கொண்டாள்.

"நான் இப்ப பாய் கடைக்குப் போறேன். நோன்பு வருது. பரீதா என்ன திட்டம் போட்டு வச்சிருக்காளோ" என்றார் டாக்டர்.

"அவளும் கோழி வளக்குறா டாக்டர்" என்றாள் முரியல். டாக்டர் கார் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு அவசரமாக ஏறிக்கொண்டார்.

*

சாயங்காலம் மறுபடி குழாய் கொதித்தது. இந்தத் தடவை சுற்றி நாலு தலை.

நீலம் கலங்கியது. ஓரத்தில் மெதுவாகப் புல் நிறம் ஏறியது. அதற்கு மேல் போகவில்லை.

"பச்சை!" என்று கான்ஸ்டன்ஸ் கத்தியதில் கோழிகள் கொக்கரித்தன. சிலுவை போட்டுக்கொண்டாள். யூஜினியா அழவில்லை. முரியலை இறுக்கி முத்தம் கொடுத்தாள், காலையில் கொடுத்ததைவிடப் பலமாக. பிள்ளை அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, நம்பிச் சிரித்தது.

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம். செல்லன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, சார்ஜன் கூப்பிடுறாரு. அந்தச் சீனி விஷயம். பேரு எழுதியிருக்குல்ல."

கொர்னேலியஸ் எழுந்தான். யூஜினியா அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். "நீங்க பிள்ளைகிட்ட இருங்க. சோறு முழுசாத் தின்னுறாளான்னு பாருங்க. கோழிப் பக்கம் விடாதீங்க."

குழாயை எடுத்துத் துணியில் சுற்றினாள். "வா செல்லா. அவருக்கு மலாயில நீதான் எடுத்துச் சொல்லணும். இந்தப் பச்சை என்னன்னும் அந்தச் சீனி என்னன்னும் சொல்லிட்டு, பர்மிட் வாங்கிட்டுத்தான் திரும்புவேன்."

அதற்குள் தன் வீட்டுக்குப் போயிருந்த கான்ஸ்டன்ஸ் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. படி இறங்கி, நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"அண்ணி, கால் வலியோட நீங்க எதுக்கு? முக்காடுகூடப் போடாம."

"இருக்கட்டும். காலையில அது இல்லாமத்தானே ஓடினேன்."

கேட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். சார்ஜன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் அவரை நோக்கி, ஒரு வாரத்துப் பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசிக்கொண்டே நடந்தார்கள்.